உள்ளானின் உயரத்துக்கு இறங்குவது

நெய்வேலியில் கடல் கிடையாது. ஆனால் சுரங்கத்து நீர் போகிற வழியே போனால் கடலில்தான் போய் நிற்போம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் காத்திருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். விட்டால் அடித்தரை பிளந்து நீர் மேலே வந்துவிடும். 1956-இல் நெய்வேலிச் சுரங்க நிறுவனம் பிறந்த காலம் தொட்டே இது பொறியாளர்களுக்குத் தீராத வேலை. இறைத்த நீரில் ஒரு பங்கு வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. பரவனாறு அங்கிருந்து கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றோடு சேர்ந்து வங்கக் கடலைத் தொடுகிறது. இந்தப் பாதை நெடுகிலும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப் பறவைகள் இரை தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே டவுன்ஷிப்பில் கேமரா வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூருக்கோ, இன்னும் தெற்கே பரங்கிப்பேட்டை முகத்துவாரத்துக்கோ கிளம்பிவிடுவது இப்போது சாதாரணம். எடுத்து வரும் படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. பழுப்பு மணல், அதன் நடுவே மணல் நிறத்திலேயே ஒரு சின்ன உருவம், வயிறு வெள்ளையாக வெளிறிப்போயிருக்கும், முதுகு மணலோடு கலந்திருக்கும். பார்த்ததும் வரும் கேள்வியும் ஒன்றுதான்: “அண்ணே, அறுநூறு எம்.எம். லென்ஸ் வாங்கிட்டா சரியாயிடுமா?”

ஆகாது. லென்ஸின் நீளம் இந்த விவகாரத்தில் நாலாவது இடத்தில்கூட வராது என்பது என் கட்சி. முதலில் வருவது லென்ஸ் இருக்கும் உயரம். அதற்குக் காசு செலவில்லை, சட்டைதான் சேறாகும்.

கொஞ்சம் வடிவியல் போட்டுப் பார்க்கலாம். நம் கரைகளுக்கு வரும் உள்ளான்களில் மிகச் சிறியது கொசு உள்ளான். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் 13 சென்டிமீட்டர்தான் தேறும். அது நிற்கும்போது அதன் தலை தரையிலிருந்து 8 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 10 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். கேமரா உங்கள் கண்ணில், 1.6 மீட்டர் உயரத்தில். கேமராவிலிருந்து பறவையின் தலை வழியாக ஒரு நேர்கோடு இழுத்தால் அது பறவைக்குப் பின்னால் எங்கே மணலைத் தொடும்? ஒத்த முக்கோணக் கணக்கு, எட்டாம் வகுப்புப் பாடம்: ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் தள்ளி. அதாவது படத்தில் அந்தத் தலைக்குப் பின்னணியாக வருவது, அதற்கு அரை மீட்டர் பின்னால் கிடக்கும் சிப்பியும் மணல் வரியும்.

உட்காருங்கள், கேமரா 70 சென்டிமீட்டருக்கு இறங்கும். கோடு 1.3 மீட்டர் பின்னால் போகும். பரவாயில்லை, ஆனால் பெரிய மாற்றமில்லை. குப்புறப் படுத்து லென்ஸை 20 சென்டிமீட்டரில் வையுங்கள்: 6.7 மீட்டர். முழங்கையையும் மடக்கி 12 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 20 மீட்டர். சரியாக 8 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால் கோடு மணலைத் தொடுவதே இல்லை; தொடுவானத்துக்குப் போய்விடும். நின்ற நிலையிலிருந்து உட்காரும்வரை 90 சென்டிமீட்டர் இறங்கியும் கிடைக்காத லாபம், கடைசி எட்டுப் பத்து சென்டிமீட்டரில் கிடைக்கிறது. அதனால்தான் மண்டியிட்டு எடுத்துவிட்டு ‘நானும் இறங்கித்தானே எடுத்தேன்’ என்று சொல்பவர்களுக்கு மனம் சமாதானம் ஆவதில்லை.

பின்னணி தள்ளிப் போனால் என்ன நன்மை? 400 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 5.6, பறவை 10 மீட்டரில். இந்த நிலையில் பரவலாகப் புழங்கும் ஏபிஎஸ்-சி வகைக் கேமராவில் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். அதற்கு முன்னும் பின்னும் இருப்பது மங்கும். ஆனால் எவ்வளவு மங்கும் என்பது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அரை மீட்டர் பின்னால் இருக்கும் ஒரு புள்ளி, உணரியின் மேல் 0.14 மி.மீ. வட்டமாக விரியும். 6.7 மீட்டர் பின்னால் இருப்பது 1.1 மி.மீ. வட்டமாக விரியும், எட்டு மடங்கு. முதல் வட்டம் மணல் வரியைச் சற்றே கலைத்துவிட்டு, ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, வரியையும் சிப்பியையும் அடியோடு கரைத்து ஒரே நிறமாக்கிவிடும். லென்ஸ் அதேதான், துளை அதேதான், தூரமும் அதேதான்.

தண்ணீர் ஓரமாக இருந்தால் இன்னொரு வேலையும் நடக்கிறது. தண்ணீரைச் செங்குத்தாக மேலிருந்து பார்த்தால் அதன் மேற்பரப்பு ஒளியில் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போய் அடியில் இருக்கும் சேற்றைக் காட்டும். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு ஏறும். நின்றபடி 10 மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது ஏறத்தாழ 40 சதவீதம். படுத்து 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது 88 சதவீதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பொறியாளர் பிரெனெல் எழுதிவைத்த சமன்பாடுகளில் எண்களைப் போட்டால் வரும் விடை இது. கலங்கிய சேற்றுக் குட்டை, அலையில்லாத காலையில், படுத்திருப்பவனுக்கு மட்டும் வானத்தைக் காட்டும் கண்ணாடி ஆகிவிடுகிறது. உள்ளானின் தலைகீழ் உருவமும் இலவசம். இந்த நிலையில் போலரைசர் வடிகட்டியை மாட்டுவது வீண். அது தண்ணீரின் பளபளப்பை நன்றாக வெட்டுவது மேற்பரப்போடு 37 பாகை சாய்வில் பார்க்கும்போது; தரையோடு தரையாகக் கிடக்கும்போது அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுவதைத் தவிர.

படுப்பதில் தொல்லைகளும் உண்டு. ஈரம், நண்டு, வேடிக்கை பார்க்க வரும் பையன்கள். லென்ஸைத் தாங்க மணல் நிரப்பிய துணிப்பை போதும். சேற்றில் தள்ளிக்கொண்டு போக வேண்டுமென்றால் பழைய வாணலி ஒன்றின் நடுவில் முக்காலித் தலையைத் திருகி வைத்துக்கொள்வார்கள்; வாணலியின் வளைந்த விளிம்பு மணலைத் தள்ளிக்கொண்டு வழுக்கிப் போகும். கடையில் இதையே வேறு பெயரில் பல ஆயிரத்துக்கு விற்கிறார்கள்.

அடுத்தது வெளிச்சம். இங்கே நம் கரைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மேற்குக் கடற்கரையில் எடுத்தவர்கள் எழுதிய குறிப்புகளை அப்படியே கடலூருக்குக் கொண்டுவர முடியாது. வங்கக் கரை கிழக்கு பார்த்தது. காலையில் தேவனாம்பட்டினத்து வெள்ளி கடற்கரை மணலில் கடலைப் பார்த்துப் படுத்தால் சூரியன் நேரே முகத்தில். அலையோரம் ஓடும் உப்புக்கொத்தி வெறும் கறுப்பு நிழல். சூரியனை முதுகில் வாங்க வேண்டுமென்றால் கடலுக்கும் பறவைக்கும் நடுவில் நீங்கள் போக வேண்டும்; அலை சம்மதிக்காது. மாலையில் வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து வரும், ஆனால் கரையோரத்துச் சவுக்கும் தென்னையும் சூரியனைச் சீக்கிரமே மறைத்துவிடும். அதோடு, மாலையில் வெள்ளி கடற்கரைக்கு ஊரே வந்துவிடும்.

இதற்கு விடை முகத்துவாரங்களில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் மணல்திட்டுகளும் அவற்றுக்கு உட்புறம் சேற்றுத் திட்டுகளும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல் உயிரியல் நிலையத்தை அங்கே அமைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடலும் ஆறும் கழியும் சதுப்பும் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும் இடம் அது. அந்த மணல்திட்டில் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்துப் படுத்தால், காலைச் சூரியன் முதுகில், பறவைகள் எதிரே சேற்றில். பெருமாள் ஏரியைப் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றி வரலாம் என்பதால் இந்தத் தலைவலி குறைவு. கரைப் பறவைப் படம் பழகுவதற்குக் கடலைவிட வற்றிய ஏரி நல்லது என்றுகூடச் சொல்வேன்.

சூரியன் சரியான பக்கத்தில் இருந்தாலும் வெள்ளை வயிறு வெளிறுவதும் முதுகு கரைவதும் நிற்காது. காரணம் பறவையின் உடையிலேயே இருக்கிறது. உள்ளான், உப்புக்கொத்திக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1890-களில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். வெயில் மேலிருந்து விழும்போது எந்த உருண்டைப் பொருளுக்கும் மேற்புறம் வெளுக்கும், அடிப்புறம் நிழலாகும். அந்த நிழல்தான் ‘இது உருண்டை, இது உயிர்’ என்று காட்டிக்கொடுக்கிறது. மேலே கறுத்து அடியில் வெளுத்த உடம்பில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். வல்லூறின் கண்ணுக்கு உருவம் தட்டையாகி மணலோடு மணலாகும். வல்லூறை ஏமாற்றவே உருவான ஏற்பாட்டை நாம் உச்சி வெயிலில் மேலிருந்து படம் எடுத்து ‘பறவை எடுபடவில்லையே’ என்று வருந்துகிறோம். தேயரின் கணக்கு மேலிருந்து வரும் ஒளிக்கானது. சூரியன் தாழ்வாக, பக்கவாட்டில் இருக்கும் முதல் ஒன்றரை மணி நேரத்தில் அந்தக் கணக்கு பிசகும். இறகு ஒவ்வொன்றின் விளிம்பும் தெரியும். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும்.

கேமராவின் ஒளிமானி இன்னொரு ஏமாளி. அதற்கு முன்னால் எது இருந்தாலும் அது சராசரிச் சாம்பல் நிறம் என்றுதான் நினைத்துக்கொள்ளும். காய்ந்த மணல் பளிச்சென்று இருக்கும்; சாம்பலாக்கிவிடுகிறேன் என்று வெளிச்சத்தைக் குறைக்கும், பறவை இருண்டுபோகும். ஈர மணல் வேறு கதை. மணிகளுக்கு இடையில் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் ஒளி திரும்பி வெளியே வருவதற்குள் பல மணிகளில் மோதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதனால் ஈர மணல் கறுத்துத் தெரிகிறது. அதை ஒளிமானி வெளுப்பாக்கப் பார்க்கும். வெள்ளை வயிறு எரிந்துபோகும். ஒரே கரையில் நாலு அடி தள்ளினால் மாறுகிற நிலவரம் இது. ஆகவே தானியங்கியை நம்பாமல் பழைய ஃபிலிம் காலத்து விதியைக் கையாளுங்கள்: நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம். ஐஎஸ்ஓ 400, எஃப் 8 என்றால் 1/1600 நொடி. அங்கிருந்து தொடங்கி, வயிற்றின் வெண்மை ஹிஸ்டோகிராமின் வலது சுவரில் முட்டாத அளவுக்குக் கூட்டிக் குறைத்து, அதிலேயே வைத்துவிடுங்கள். மணல் மாறலாம், சூரியன் அரை மணிக்குள் அவ்வளவு மாறாது.

வெளிச்சத்தைப் பயந்து மிகவும் குறைத்துவிடுவதும் தப்பு. ஒளி துகள்துகளாக வருகிறது. ஒரு பிக்சலில் 100 ஒளித்துகள் விழுந்தால் அந்த எண்ணிக்கையில் இயல்பாகவே 10 சதவீத ஏற்ற இறக்கம் இருக்கும். 10,000 விழுந்தால் ஒரு சதவீதம்தான். இருண்ட படத்தைக் கணினியில் வெளுக்க வைக்கும்போது தெரியும் மணல்மணலான புள்ளிகளில் பெரும் பங்கு கேமராவின் குறை அல்ல, ஒளியின் குணம்.

இப்போது ஒரு முரண். கீழே இறங்குங்கள் என்று இத்தனை சொன்னேன். எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் அதே இறங்குதல் படத்தைக் கெடுக்கும். வெயில் ஏறியதும் மணல் சுட ஆரம்பிக்கிறது. அதை ஒட்டிய காற்று சூடாகி, லேசாகி, மேலே எழுகிறது. குளிர்ந்த காற்று கீழே வருகிறது. ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்றின் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறையும். கேட்பதற்குத் தூசு மாதிரி இருக்கிறது. ஆனால் நீண்ட லென்ஸுக்கும் பறவைக்கும் இடையே முப்பது மீட்டர் தூரத்துக்கு இப்படிச் சூடும் குளிர்ச்சியும் கலந்த காற்றுச் சுருள்கள் நெளிந்துகொண்டிருந்தால், ஒவ்வொன்றும் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க, இறகின் கோடு குழைந்துவிடும். தார்ச்சாலையில் கானல் நீரைக் காட்டுவதும் இதே வேலைதான். நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்க மேட்டில் ஏப்ரல் மாதப் பகலில் எதிரே இருக்கும் இயந்திரம் நெளிவதைப் பார்த்திருப்பார்கள். கலக்கம் அதிகமாக இருப்பது தரையை ஒட்டிய முதல் அரை மீட்டரில், அதாவது நாம் லென்ஸை வைத்திருக்கும் அதே அடுக்கில்.

இந்தக் குழைவை ‘ஃபோகஸ் போய்விட்டது’ என்று நினைத்து லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. விலை உயர்ந்த லென்ஸில் இது இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். மருந்து மூன்று: சீக்கிரம் போவது, மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுப்பது, பறவைக்கும் நமக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பது. பனிக்காலத்தில் ஏரித் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும் விடியற்காலையிலும் லேசாக இது வரும். அப்போதும் கிட்டத்துப் பறவைதான் தப்பிக்கும்.

தூரத்தைக் குறைப்பது எப்படி என்பதில்தான் படக்கலை முடிந்து பறவையியல் தொடங்குகிறது. என் பார்வையில் இதுவே கட்டுரையின் சாரமான பகுதி.

உப்புக்கொத்தியும் உள்ளானும் ஒரே சேற்றில் மேய்ந்தாலும் தொழில்முறை வேறு. உப்புக்கொத்திக்குக் கண் பெரிது, அலகு குட்டை. அது பார்த்துப் பிடிக்கும் பறவை: நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான் இனத்தில் பலவற்றுக்கு அலகு நுனியிலேயே தொடுஉணர்வு நரம்புகள் நிறைந்திருக்கின்றன. சேற்றுக்குள் அலகைச் செருகித் தடவியே புழுவைக் கண்டுபிடிக்கும். கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் தையல் மெஷின் ஊசி போலக் குத்திக்கொண்டே போவது இதனால்தான். படம் எடுப்பவருக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. உப்புக்கொத்தியை அது ஓடும்போது துரத்தாதீர்கள். நிற்கும் அரை நொடியில் தலை நிமிர்ந்து, உடம்பு அசையாமல், கண் விழித்து இருக்கும். அந்த நிறுத்தம் வந்தே தீரும். உள்ளானுக்கு அப்படி நிறுத்தமே கிடையாது. தலை எப்போதும் கீழே. புழு சிக்கி அதை இழுக்கும்போதோ, பக்கத்தில் இன்னொரு உள்ளான் வந்து வம்பு செய்யும்போதோதான் நிமிரும். ஆகவே உள்ளானுக்குத் தொடர் கிளிக், உப்புக்கொத்திக்கு ஒற்றைக் கிளிக் என்பது என் பழக்கம்.

பறவை நம்மை எப்படி எடைபோடுகிறது? வேட்டையாடி நேரே வரும். மேய்கிற மாடு குறுக்கே போகும். நேர்கோட்டில், நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து நடப்பவரைக் கண்டு வெகு தூரத்திலேயே பறந்துவிடும் பறவைகள், வலை காய வைக்கும் மீனவர்களுக்குப் பக்கத்தில் அலட்டிக்கொள்ளாமல் மேயும். தினமும் பார்க்கும் மனிதர்கள். தங்கள் பாட்டில் வேலை பார்ப்பவர்கள். எந்த நேரத்தில் பறவை கலவரம் அடைகிறது என்பதற்கு அடையாளங்கள் வரிசையாக வரும்: முதலில் மேய்ச்சல் நிற்கும், கழுத்து நீளும், தலை மேலும் கீழுமாக ஒரு வெட்டு வெட்டும், பிறகு விலகி நடக்கும், கடைசியில்தான் பறக்கும். முதல் அடையாளத்திலேயே நீங்கள் நின்றுவிட்டால் ஒரு நிமிடத்தில் மறுபடி மேயத் தொடங்கும். பவளக்கால் உள்ளான் மட்டும் விதிவிலக்கு. அது ஒரு முறை கத்தினால் மொத்தத் திட்டும் காலியாகும். ஆள்காட்டி இருந்தால் பேச்சே வேண்டாம், பெயரிலேயே இருக்கிறது.

இதைவிட நல்ல வழி, நாம் நகராமல் பறவையை வரவைப்பது. அதற்கு ஓதம் உதவும். நம் கரையில் ஏற்றவற்றத்தின் உயரம் ஒரு மீட்டர்கூட வராது. குஜராத்துக் கரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் சேற்றுத் திட்டு மிகத் தட்டை என்பதால், தண்ணீர் ஒரு சாண் ஏறினாலும் ஓரம் பல மீட்டர் உள்ளே வந்துவிடும். வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் நேரத்தில், உயர்ந்த பக்கத்தில் போய்ப் படுத்துவிட வேண்டும். தண்ணீர் ஏற ஏற, விளிம்பிலேயே மேயும் பறவைகள் விளிம்போடு சேர்ந்து நம் பக்கம் தள்ளப்படும். நேற்று ஏழு மணிக்கு வற்றம் என்றால் இன்று ஏறத்தாழ ஏழு ஐம்பதுக்கு, நிலவின் கணக்கு. காலை வெளிச்சமும் ஏறும் ஓதமும் சேர்ந்து வரும் நாட்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் அமையும். நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்த்துக் கிளம்பும் மீனவரிடம் கேட்டால் கைப்பேசிச் செயலியைவிட நன்றாகச் சொல்வார்.

துரத்தினால் என்ன, இன்னொரு பக்கம் போய் உட்காரப் போகிறது என்று சிலர் கேட்பார்கள். கொசு உள்ளான் இருபத்துச் சொச்சம் கிராம் எடையுள்ள பறவை. மார்ச், ஏப்ரலில் ஆர்க்டிக் நோக்கித் திரும்பும் முன் உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொண்டிருக்கும். இந்தக் கூட்டத்தின் பயண வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2022-இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஓர் இளம் பட்டைவால் மூக்கன், உடலில் பொருத்திய கருவியின் கணக்குப்படி, 13,560 கிலோமீட்டரைத் தரையிறங்காமல் பறந்து பதினோரு நாளில் டாஸ்மேனியாவை அடைந்தது. அந்தப் பயணத்துக்கான எரிபொருள் முழுவதும் இப்படிப்பட்ட சேற்றில் குத்திக் குத்திச் சேர்த்தது. ஒவ்வொரு தேவையற்ற எழும்பலும் அந்தக் கணக்கில் செலவு. ‘பறக்கும் கூட்டம்’ படத்துக்காகப் பையனை விட்டுக் கை தட்டச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொறுத்திருந்தால் வல்லூறோ பருந்தோ அந்த வேலையைச் செய்யும்.

பறக்கும் படத்துக்கு ஒரு சின்னக் கணக்கு மட்டும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் 20 மீட்டர் தள்ளிக் குறுக்கே பறக்கும் உள்ளானின் பிம்பம், 400 மி.மீ. லென்ஸில், உணரியின் மேல் நொடிக்கு 300 மி.மீ. நகரும். 1/1000 நொடியில் 0.3 மி.மீ. ஒரு பிக்சல் 4 மைக்ரான் என்றால் எழுபத்தைந்து பிக்சல் இழுபடும். 1/3200-க்குப் போனாலும் இருபத்து மூன்று. ஷட்டர் மட்டும் காப்பாற்றாது. பறவையோடு சேர்ந்து லென்ஸைச் சீராகத் திருப்பும் கைப்பழக்கம் வேண்டும். சாலையில் போகும் பேருந்துகளை வைத்து டவுன்ஷிப்பிலேயே பழகலாம்.

லென்ஸுக்கு வருவோம். பெரிய லென்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. 400-ஐ விட்டு 600-க்குப் போனால் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். 15 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு ஊர்ந்து போனாலும் அதே ஒன்றரை மடங்குதான். இரண்டாவதில் கானல் குறைவு, செலவு பூஜ்யம். துளையைச் சுருக்கினால் கூர்மை கூடும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு: எஃப் 16-இல் ஒளி விளிம்பில் வளைந்து ஒரு புள்ளியை 21 மைக்ரான் வட்டமாக்கிவிடும், ஐந்து பிக்சல் அகலம். எஃப் 6.3-இல் எட்டரை மைக்ரான்தான். கூட்டமாக நிற்கும் பறவைகளுக்கு எஃப் 8, தனியாள் என்றால் முழுத் திறப்பு. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

மா. கிருஷ்ணனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1912-இல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். காட்டுயிர்ப் படங்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தாமே பொருத்திச் செய்த ஒரு கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். தானியங்கிக் குவியம் இல்லை, நொடிக்கு இருபது படம் இல்லை. விலங்கின் நடத்தையை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்ததுதான் அவருடைய வேகம். இன்றைய கேமரா பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவிக்கிறது. நல்ல வசதி, ஆனால் கண்ணாடித் தண்ணீரில் பிரதிபிம்பத்தின் கண்ணையும் அதே பக்தியோடு குவித்துவிடும். அப்போது ஒற்றைப் புள்ளிக் குவியத்துக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

கணினியில் செய்ய வேண்டியது கொஞ்சம். ‘ரா’ எனப்படும் கச்சாக் கோப்பில் எடுங்கள். வயிற்று இறகின் வெண்மையில் ஓரளவு மீட்க முடியும். தண்ணீர்க் கோட்டைக் கிடைமட்டமாக்குங்கள். சாய்ந்த கடல் எந்தப் பறவையையும் தோற்கடிக்கும். கூர்மைப்படுத்தும் கருவியை அளவுக்கு மீறி இழுத்தால் மணல் ஒவ்வொன்றும் பறவையோடு போட்டி போடும். உப்புக் காற்று பட்ட கேமராவை வீடு திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணியால் துடைக்க வேண்டும். வெறும் உலர்துணி உப்புப் படிகத்தை வைத்தே கீறிவிடும்.

நல்ல படம் அழகுக்கு மட்டுமல்ல, அடையாளத்துக்கும் வேண்டியிருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கரைகளிலும் உப்பளங்களிலும் ஆண்டு முழுவதும் தங்கி முட்டையிடும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை வெகு காலம் கென்டிஷ் உப்புக்கொத்தியின் கிளையினமாகவே வைத்திருந்தார்கள். மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வுக்குப் பிறகு 2023-இல் அது ஹனுமன் உப்புக்கொத்தி என்று தனியினமாகப் பிரிந்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கென்டிஷும் இதே கரைகளில் வந்து கலந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துச் சொல்ல உடல் அளவு, கால் நிறம், முகத்தின் கறுப்பு வெள்ளை அமைப்பு எல்லாம் படத்தில் துல்லியமாக வேண்டும். மேலிருந்து எடுத்த வெளிறிய படத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்தப் பறவை கோடையில், ஓதக் கோட்டுக்கு மேலே உள்ள காய்ந்த மணலில் சின்னக் குழி பறித்து, மணல் நிறத்திலேயே முட்டையிடும். ஆகவே ஊர்ந்து போகும் நம் வித்தையெல்லாம் ஈர மணலிலும் சேற்றிலும்தான். மார்ச்சுக்குப் பின் காய்ந்த மணலில் ஊர்வது கூடாது. ஒரு பறவை இறக்கையை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு நம் முன்னால் ஓடினால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். படம் எடுக்காமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகக் கரைப் பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த உலோக வளையமும் வண்ணக் கொடியும் காலில் மாட்டி விடுகிறது. வேறு நாடுகளில் மாட்டிய கொடிகளோடும் பறவைகள் இங்கே வருகின்றன. எந்த நாட்டில், எந்த இடத்தில் மாட்டியது என்பதைக் கொடியின் நிறமும் அது எந்தக் காலில், முழங்கணுவுக்கு மேலா கீழா இருக்கிறது என்பதும் சொல்லிவிடும். இங்கேதான் அளவு மீறித் தாழ்ந்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள்: எட்டு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு மணல் மேடு இருந்தாலும் கால் மறைந்துவிடும். அழகான படம் எடுத்த பிறகு, முழங்கையை ஊன்றி லென்ஸை ஒரு முழம் தூக்கி, இரண்டு காலும் முழுதாகத் தெரியும்படி இன்னும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொடி இருந்தால் படத்தை வெட்டாமல், இடமும் தேதியும் சேர்த்துக் கழகத்துக்கு அனுப்பலாம்.